சமுதாயப் பிரச்சினைகளும் பொறியாளரின் கையெழுத்தும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சமுதாயத்தின் சவால்களைத் தீர்ப்பதில் பொறியாளர்களின் பங்கு" என்று சங்கச் செயலாளர் எனக்கு ஒரு தலைப்பைக் கொடுத்திருக்கிறார். ரொம்பப் பெரிய தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கல்லணையில் ஆரம்பித்து, பென்னிகுயிக்கைத் தொட்டு, விஸ்வேஸ்வரய்யாவை வணங்கி, கடைசியில் ராக்கெட்டில் ஏறி முடிப்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. அவர்களெல்லாம் வணங்கத் தக்கவர்கள்தான். ஆனால் அணையைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் பேச எனக்கு அனுபவம் கிடையாது. நான் இங்கே சிவில் முடித்துவிட்டு வெளியே போய்ப் பதினான்கு வருஷமாகப் பார்த்துக் கொண்டிருப்பது பாதாள சாக்கடை வேலை. ஊரில் யாராவது "பையன் என்ன வேலை பார்க்கிறான்?" என்று கேட்டால் என் அம்மா "குடிநீர் இலாகா மாதிரி" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். அதனால் எனக்குத் தெரிந்த அந்தச் சாக்கடையைப் பற்றியே இன்றைக்குப் பேசுகிறேன். கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

சட்டம் இருக்கிறது, சாவும் இருக்கிறது

பாதாள சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்தியை நாம் எல்லோருமே பேப்பரில் படித்திருக்கிறோம். பெரும்பாலும் உள்பக்கத்தில், நான்கு வரியில் வந்திருக்கும். இறந்தவர்கள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்று அந்தச் செய்தியில் இருக்காது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, நமக்கே தெரியும். நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மாநிலவாரிக் கணக்குகளில், இத்தகைய சாவுகள் அதிகம் நடந்த மாநிலங்களின் வரிசையில் நம் தமிழ்நாடும் முன்னால் நிற்கிறது. இவ்வளவு பொறியியல் கல்லூரிகள் உள்ள மாநிலம் நம்முடையது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993ல் ஒரு சட்டம் வந்தது. 2013ல் வந்த புதிய சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் சேர்த்துக் கொண்டது. பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆள் இறங்குவதை நிறுத்தச் சொல்லி மறுபடியும் உத்தரவு போட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் நிற்கவில்லை? கான்ட்ராக்டரின் பேராசை, அதிகாரியின் அலட்சியம், சாதி, வறுமை என்று பல காரணங்கள் சொல்லலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் நம் பங்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. மேலே சட்டம் "ஆள் இறங்கக் கூடாது" என்கிறது. கீழே இருக்கிற குழாய், ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிற மாதிரி போடப்பட்டிருக்கிறது. அந்தக் குழாயைப் போட்டது யார்? வக்கீலா, அரசியல்வாதியா? இல்லைங்க. டிசைன் போட்டதும், எஸ்டிமேட் போட்டதும், லெவல் பார்த்ததும், அளவுப் புத்தகத்தில் எழுதியதும், கடைசியில் கையெழுத்துப் போட்டதும் பொறியாளர்தான்.

குழிக்குள் என்ன நடக்கிறது?

தம்பி தங்கைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சாக்கடையில் கசடு தேங்கி, காற்று கிடைக்காமல் கிடக்கும்போது, அதில் உள்ள நுண்ணுயிர்கள் கந்தகச் சேர்மங்களிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிக்கூட லேபிலேயே படித்திருப்பீர்கள். இது காற்றைவிடக் கனமானது. அதனால் குழிக்கு அடியில் தங்கிவிடும்.

இதில் மோசமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு பிபிஎம் கூட இல்லாத அளவிலேயே மூக்கு இந்த நாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப் போய்விடுகிறது. "நாத்தம் குறைஞ்சிருச்சு, இறங்கலாம்" என்று ஆள் நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். 500 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். 1,000 பிபிஎம் என்றால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

மேலேயிருந்து பார்க்கும்போது தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். குச்சியை விட்டுக் கசடைக் கிளறியவுடன் சோடா பாட்டிலைத் திறந்தது போல உள்ளே அடைபட்டிருந்த வாயு குபுக்கென்று வெளியே வரும். இதற்குமேல் தீப்பிடிக்கக்கூடிய மீத்தேனும் உண்டு, ஆக்சிஜன் பற்றாக்குறையும் உண்டு. முகத்தில் துண்டைக் கட்டிக் கொள்வதும், கொரோனா காலத்தில் போட்டோமே அந்த மாஸ்க்கும், இந்த வாயுவை ஒன்றும் செய்யாது. மூச்சுக்குத் தனியாகக் காற்று கொடுத்தால்தான் உண்டு.

இன்னொன்று. முதலில் இறங்கியவர் விழுந்ததும், மேலே நிற்பவர் பதறிப்போய்க் காப்பாற்றக் குதிப்பார். அவரும் போய்விடுவார். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் இரண்டு தொழிலாளிகள் மேன்ஹோலில் சிக்கிக் கொண்டார்கள். அந்த வழியாக வந்த ஒரு ஆட்டோ டிரைவர், முன்பின் தெரியாத அந்த இருவரையும் காப்பாற்ற இறங்கினார். மூன்று பேருமே இறந்து போனார்கள். அவருடைய நல்ல மனசை நாடே பாராட்டியது. ஆனால் அந்த நல்ல மனசுக்கு அப்படியொரு சோதனை வந்திருக்கவே வேண்டாம்.

பத்து சென்டிமீட்டர் கணக்கு

இப்போது நம் பாடப் புத்தகத்துக்கு வருவோம். சாக்கடைக் குழாய்க்கு "தானே சுத்தம் செய்து கொள்ளும் வேகம்" என்று ஒன்று உண்டு. உச்ச நேரத்தில் தண்ணீர் ஒரு விநாடிக்கு குறைந்தது 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகம் இருந்தால் மணலையும் கசடையும் தண்ணீரே இழுத்துக் கொண்டு போய்விடும்.

200 மில்லிமீட்டர் குழாய்க்கு மேனிங் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 'என்' மதிப்பு 0.013, குழாய் பாதி நிறைந்து ஓடுகிறது என்று வைத்தால், 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் வேண்டும் என்று வரும். அதாவது, 30 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு குழிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் இறக்கம். அவ்வளவுதான். நம் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இந்த 10 சென்டிமீட்டர் 5 சென்டிமீட்டராகக் குறைந்து போனால் என்ன ஆகும்? வேகம் 0.6லிருந்து ஏறக்குறைய 0.42க்கு இறங்கிவிடும். மணல் படியும். அதன் மேல் துணி, பிளாஸ்டிக், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேரும். அடைப்பு வரும். வாயு உண்டாகும். தெருவில் தண்ணீர் பொங்கும். கவுன்சிலர் போன் செய்வார். ஒரு ஆளைக் கூட்டிக் கொண்டு வருவார்கள். மீதி உங்களுக்குத் தெரியும். பாறை வந்துவிட்டது என்று தோண்டும் ஆழத்தைக் குறைத்தது, குழாய்க்கு அடியில் மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் விட்டது, சாயங்காலமாகிவிட்டது என்று லெவல் எடுக்காமலே மூடியது, இதெல்லாம் அன்றைக்குச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். இருபது வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுப்பார்.

தென் மாவட்டத்தில் ஓர் ஊரில் பழைய லைனை ஆய்வு செய்யப் போயிருந்தேன். ஒரே தெருவில் மாதம் இரண்டு தடவை அடைப்பு. குழாய் விட்டம் போதவில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஃபைலில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே ஓய்வுக்கு நெருங்கிய ஒரு பெரியவர் இருந்தார். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"சார், அடைப்பு எப்பவும் மூணாவது குழிக்கும் நாலாவது குழிக்கும் நடுவுலதான் வரும். மழைக்காலத்துல வராது. சித்திரை வைகாசியிலதான் உசுரை எடுக்கும்."

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையாண்ணே?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலையே சார்" என்றார்.

லெவல் வைத்துப் பார்த்தோம். அந்த ஒரு இடத்தில் குழாய் உட்கார்ந்து, தண்ணீர் போக வேண்டிய திசைக்கு எதிராகச் சாய்ந்திருந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் தள்ளிக் கொண்டு போய்விடும். கோடையில் தண்ணீர் குறைந்தவுடன் அங்கேயே தங்கும். அந்த இரண்டு குழிகளுக்கு நடுவே மட்டும் தோண்டிக் குழாயைத் திரும்பப் போட்டோம். அடைப்பு நின்றது. அந்தப் பெரியவர் இருபது வருஷமாக உள்ளே இறங்கி இறங்கிக் கற்றுக் கொண்ட பாடம் அது. ஆகவே தம்பிகளே, எந்த ஊரில் வேலைக்குப் போனாலும், டிராயிங்கைத் திறப்பதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பத்து நிமிஷம் பேசுங்கள். "என்னங்கய்யா, இங்கே எது படுத்துது?" என்று கேளுங்கள். கூலி வாங்காமல் அவர்கள் கொடுக்கிற சர்வே ரிப்போர்ட் அது.

எஸ்டிமேட்டில் விட்டுப்போகும் வரி

அடுத்தது பணம். புதிதாகத் திட்டம் போடும்போது குழாய்க்குப் பணம் இருக்கும், பம்பிங் ஸ்டேஷனுக்குப் பணம் இருக்கும், திறப்பு விழாவுக்கும் எப்படியோ பணம் இருக்கும். பராமரிப்புக்கான இயந்திரம் என்ற வரி மட்டும் பல எஸ்டிமேட்டுகளில் விட்டுப் போகும், அல்லது "பின்னர் பார்த்துக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போகும். ஜெட் ராடிங் மெஷின், கசடு உறிஞ்சும் லாரி, கேஸ் டிடெக்டர், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் கருவி, இவையெல்லாம் திட்டத்தின் உறுப்புகள். இவை இல்லாத சாக்கடைத் திட்டம் பிரேக் இல்லாத பஸ் மாதிரி. பிரேக் இல்லாத பஸ்ஸுக்கு எஃப்.சி. கொடுப்பார்களா?

"எங்க தெருவுக்குள்ள லாரி வராது, அதனால ஆள்தான் இறங்கணும்" என்று சொல்வார்கள். நியாயமான கேள்விதான். நம் ஊர்த் தெருக்களை அகலப்படுத்த முடியாது. அப்படியானால் வண்டியைச் சின்னதாக்க வேண்டும். 2017ல் ஹைதராபாத்தில் குடிநீர் வாரியம் குறுகிய சந்துகளுக்குள் நுழையக்கூடிய சிறிய ஜெட்டிங் வண்டிகளை ஓட விட்டது. கேரளத்தில், கோழிக்கோட்டுச் சம்பவம் மனதைப் பாதித்த சில இளைஞர்கள், பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், மேன்ஹோலுக்குள் இறங்கிக் கசடை அள்ளும் 'பேண்டிகூட்' என்ற ரோபோவைச் செய்தார்கள். 2018ல் திருவனந்தபுரத்தில் அது வேலையைத் தொடங்கியது. பெருச்சாளிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அவர்களும் உங்களைப் போல ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலையைப் பிய்த்துக் கொண்டவர்கள்தான்.

இதில் இன்னொரு கடமையும் இருக்கிறது. இயந்திரம் வந்ததும் பழைய தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளை ஓட்டச் சொன்னால் அது நியாயம் ஆகாது. அந்த இயந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் அவர்களுக்கே பயிற்சி கொடுக்க வேண்டும். கையில் ரிமோட்டைக் கொடுத்தால் அவர் ஆபரேட்டர். மரியாதையும் சம்பளமும் கூடும்.

"அவசரத்துக்கு ஒரு தடவை" என்ற பேச்சு

சிலர் என்னிடம் கேட்டதுண்டு: "எல்லாத்துக்கும் மெஷின் மெஷின்னு சொல்றீங்களே, 2023ல் உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கத்தில் மெஷின் உடைஞ்சு போய், கடைசியில் கையால் தோண்டித்தானே 41 பேரையும் மீட்டாங்க?" உண்மைதான். பதினேழாம் நாள் அவர்களை வெளியே கொண்டு வந்தது, கையால் தோண்டத் தெரிந்த தொழிலாளிகளின் திறமைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் எஃகுக் குழாய்க்குள் இருந்து வேலை செய்தார்கள். வெளியே பொறியாளர்களும் மருத்துவர்களும் மீட்புப் படையும் காத்து நின்றார்கள். நாடே பார்த்துக் கொண்டிருந்தது. நம் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் செப்டிக் டேங்க்கில் இறங்குகிறவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

சாக்கடையில் ஆள் இறங்கியே தீர வேண்டிய சில நிலைமைகளை 2013ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. புதிய லைனைப் பழைய லைனோடு இணைப்பது, மூழ்கிய பம்ப்பை எடுப்பது போன்றவை. அப்போதும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும், பாதுகாப்புக் கருவிகள் வேண்டும். வாயுவைச் சோதிப்பது, காற்றை உள்ளே செலுத்துவது, இடுப்பில் பெல்ட், மேலே இழுக்க முக்காலியும் கயிறும், பார்த்துக் கொண்டே நிற்க ஒரு ஆள். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் "இன்னைக்கு வேலை இல்லை" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் பொறியாளர்.

1989ல் மேற்கு வங்காளத்தில் ராணிகஞ்ச் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 65 தொழிலாளிகள் மாட்டிக் கொண்டார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்கப் பொறியாளர், மேலேயிருந்து துளை போட்டு, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு எஃகுக் கூண்டு செய்து இறக்கலாம் என்று யோசனை சொன்னார். கூண்டு தயாரானதும், முன்னால் போகிறவர் யார் என்ற கேள்வி வந்தபோது அவரே ஏறி உள்ளே இறங்கினார். 65 பேரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுத்தான் வெளியே வந்தார். நாம் எல்லோரும் கில் ஆக முடியாமல் போகலாம். ஆனால் அவர் வைத்துக் கொண்ட அளவுகோலை நாமும் வைத்துக் கொள்ளலாம். நான் இறங்கத் துணியாத இடத்தில் இன்னொருவரை இறக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது ஒன்று போதும்.

கையெழுத்தின் பொருள்

மருத்துவருக்குப் பதிவு உண்டு, வக்கீலுக்கு பார் கவுன்சில் உண்டு, ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொறியாளருக்கு நாடு முழுவதுக்குமான அப்படிப்பட்ட பதிவுச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. கனடாவில் 1907ல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து 75 பேர் மாண்டார்கள். அந்த நாட்டில் 1925 முதல், படிப்பை முடிக்கும் பொறியாளர்கள் உறுதிமொழி எடுத்து, வேலை செய்யும் கையின் சுண்டு விரலில் ஒரு மோதிரம் அணிகிறார்கள். டிராயிங் போடும்போதும் கையெழுத்திடும்போதும் அந்த மோதிரம் தாளில் உரசும். நமக்கு அப்படி மோதிரம் கிடையாது. மோதிரம் இல்லாமலே நினைவு வைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

நிறைவாக, மூன்று வேண்டுகோள்கள்.

மாணவர்களே, புராஜெக்ட் தலைப்பை இன்டர்நெட்டில் தேடுவதற்கு முன்னால் நம் நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். வாயு இருந்தால் கத்தும் மேன்ஹோல் மூடி, அடைப்பு வருவதற்கு முன்பே நீர்மட்டத்தைச் சொல்லும் கருவி, நம் ஊர்ச் சந்துக்குப் பொருந்தும் சிறிய வண்டி என்று செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

முன்னாள் மாணவர்களே, உங்களில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுகிறீர்கள், பலர் அதில் சங்கப் பொறுப்பில் இருக்கிறீர்கள். செப்டிக் டேங்க் மூடியைக் கார் நிறுத்தும் இடத்தில் டைல்ஸுக்கு அடியில் புதைக்காதீர்கள். லாரியின் ஓஸ் எட்டும் இடத்தில் திறப்பை வையுங்கள். வென்ட் பைப் போடுங்கள். நிரம்பி வழியும் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வைத்துக் கசடை எடுத்துவிடுங்கள். ஆள் இறங்கிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது குறைந்த ரேட் சொன்னால் திருப்பி அனுப்புங்கள்.

மூன்றாவது நம் சங்கத்துக்கு. நாம் எல்லோரும் இருந்த ஹாஸ்டலுக்கும் ஒரு செப்டிக் டேங்க் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, மூடி எந்தப் பக்கம், கடைசியாக எப்போது, எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான்கு வருஷம் அதன் மேல் நடந்து போயிருக்கிறோம். அடுத்த சந்திப்புக்குள் சிவில் மாணவர்கள் சிலரைச் சேர்த்து நம் வளாகத்தின் கழிவுநீர்க் குழாய்கள் முழுவதற்கும் லெவல் எடுத்து ஒரு வரைபடம் தயார் செய்வோம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் "எக்காரணம் கொண்டும் ஆள் இறக்கக் கூடாது" என்ற வரியைச் சேர்க்கும்படி முதல்வர் அவர்களைக் கேட்டுக் கொள்கிறேன். லெவல் கருவியோடு இரண்டு சனி, ஞாயிறு வந்து நிற்க நான் தயார். கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.